மாற்று பாயிண்ட் கார்டுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

கேள்வி: நடுக்கோடு (எழுதுபவர்களின் பெயர்கள் புனைபெயர்கள்)

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியின் ஆட்டங்களை நான் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 2023 ஜூன் மாதத்தில் அந்த அணி செய்த டிரேட் (அணிகள் தமக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வது) இன்றுவரை எனக்குத் தீராத கேள்வியாக இருக்கிறது. அதை முன்வைத்து, சீசன் இடைவெளியில் மாற்று பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் ஓய்வெடுக்கும்போது அந்த வேலையைச் செய்பவர்) ஒருவரைப் பெறுவதற்கு ஓர் அணி என்ன விலை கொடுக்கலாம் என்பதை உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2021-22 சீசனில் எங்கள் முதன்மை பாயிண்ட் கார்டு ஜா மொரன்ட் ஆடாத 25 ஆட்டங்களில் மெம்ஃபிஸ் 20இல் வென்றது, 5இல் மட்டுமே தோற்றது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பந்தை நடத்தியவர் மாற்று பாயிண்ட் கார்டான டைஸ் ஜோன்ஸ். அதே சீசனின் பிளேஆஃபில் (பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில்), கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், மொரன்ட் முழங்கால் காயத்தால் வெளியே இருக்க, மெம்ஃபிஸ் 134-95 என்ற கணக்கில் வென்றது. ஜோன்ஸ் அன்று 21 புள்ளிகள் எடுத்தார். அந்தத் தொடரை நாங்கள் இழந்தோம் என்றாலும், முதன்மை வீரர் இல்லாத நாளிலும் அணி குலையாமல் நிற்கும் என்ற நம்பிக்கையை அந்த ஓர் ஆட்டம் எனக்குக் கொடுத்தது.

2023 ஜூன் 16 அன்று மொரன்டுக்கு 25 ஆட்டத் தடை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு டிரேட்டில் டைஸ் ஜோன்ஸ் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டார். கூடவே டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் பாஸ்டனுக்குக் கொடுத்து, மார்கஸ் ஸ்மார்ட்டை மெம்ஃபிஸ் பெற்றது. மொரன்ட் இல்லாத அந்த 25 ஆட்டங்களில் அணியின் கணக்கு 6 வெற்றி, 19 தோல்வி. சீசன் முடிவில் 27 வெற்றி, 55 தோல்வி. ஸ்மார்ட் அந்த ஆண்டு 20 ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது.

20-5 என்பதையும் 6-19 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போனதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது மனம் தளர்ந்த ஒரு ரசிகனின் கணக்காகவும் இருக்கலாம். எனவே கேட்கிறேன்: ஓர் ஆட்டத்தில் 15 நிமிடம் ஆடும் ஒருவருக்கு உண்மையில் அவ்வளவு மதிப்பு உண்டா? உண்டு என்றால், அப்படி ஒருவர் இல்லாத அணி கோடையில் அவரைத் தேடும்போது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

மறுமொழி: எட்டு வினாடி

நான் இளையோர் அணிகளுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவன் என்பதால், சம்பளக் கணக்கை விட்டுவிட்டு ஆடுகளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். முதன்மை பாயிண்ட் கார்டு 34 நிமிடம் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால், மீதி 14 நிமிடம், அதாவது ஆட்டத்தின் ஏறத்தாழ 30 விழுக்காடு, வேறொருவர் கையில் இருக்கிறது. 82 ஆட்டங்களுக்கு இது 1,148 நிமிடம். முதன்மை வீரர் 15 ஆட்டங்கள் காயத்தால் ஆடாவிட்டால், அந்த இரவுகளின் பெரும்பகுதியும் இவர் தலையில்தான் விழும். ஆகவே 15 நிமிட வீரர் என்று நாம் அழைப்பவர், சீசன் முடிவில் ஐந்தாவது தொடக்க வீரருக்கு இணையாகச் சுமந்திருக்கிறார் என்பதைப் பல நேரங்களில் கவனிப்பதில்லை.

நிமிடங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை எப்படிப்பட்ட நிமிடங்கள் என்பதே முக்கியம். முதல் கால்பகுதியின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களும், இரண்டாம் கால்பகுதியின் முதல் பாதியும், பின்னர் நான்காம் கால்பகுதியின் தொடக்கமும் பெரும்பாலும் இவருடையவை. அப்போது களத்தில் இருக்கும் மற்ற நால்வரில் தனக்குத் தானே வாய்ப்பு உருவாக்கிக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். எட்டு வினாடிக்குள் பந்தை நடுக்கோட்டைக் கடத்த வேண்டும். எதிரணியின் களைப்படையாத மாற்று வீரர்கள் முழுக் களத்திலும் நெருக்குவார்கள். அதைக் கடந்து 24 வினாடிக் கடிகாரத்தில் 17 அல்லது 16 இருக்கும்போதே முதல் திரை (தடுப்பவரின் வழியை மறித்துச் சக வீரர் நிற்பது) அமைய வேண்டும். கடிகாரத்தில் 11 காட்டும்போதுதான் திரை அமைகிறது என்றால், அந்த வாய்ப்பு அநேகமாகக் கடினமான ஒரு எறிதலில்தான் முடியும். மாற்று பாயிண்ட் கார்டின் திறமை இந்த ஐந்து வினாடிகளில் இருக்கிறது. புள்ளிப் பட்டியலில் இதற்கென்று தனியாக எந்தக் கட்டமும் கிடையாது.

டைஸ் ஜோன்ஸ் இந்த வேலையில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். 2021-22இல் அவர் ஒவ்வொரு டர்னோவருக்கும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஏழு அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) என்ற விகிதத்தில் ஆடினார். பந்தை அவ்வளவு பத்திரமாகக் கையாளும் ஒருவரிடம் அணியை ஒப்படைத்துவிட்டு முதன்மை வீரர் நிம்மதியாக உட்காரலாம். பயிற்றுநர் அவசரப்பட்டு அவரை இரண்டு நிமிடம் முன்னதாகவே திரும்ப அழைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு நிமிட ஓய்வு நான்காம் கால்பகுதியின் முடிவில் கால்களில் தெரியும். இதை என் சிறுவர் அணிகளிலேயே பலமுறை கண்டிருக்கிறேன்.

இருந்தாலும், உங்கள் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன். 2023-24இல் ஸ்டீவன் ஆடம்ஸ் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் சீசன் முழுவதும் ஆடவில்லை. மொரன்டுக்கும் மற்றவர்களுக்கும் அவர் அமைத்த திரைகளும், தாக்குதல் பக்கத்தில் அவர் பறித்த ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்துகள்) அந்த அணியின் அடித்தளமாக இருந்தன. பிராண்டன் கிளார்க்கும் ஏற்கெனவே காயத்தில் இருந்தார். ஸ்மார்ட்டும் நவம்பரிலேயே காயமடைந்தார். இத்தனையும் ஒன்றாக விழுந்தபோது ஜோன்ஸ் ஒருவர் இருந்து 20-5ஐத் திரும்பக் கொண்டுவந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 6-19 என்ற அளவுக்குச் சரிவு போயிருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மெம்ஃபிஸின் தவறு, என் பார்வையில், ஸ்மார்ட்டை விரும்பியதில் இல்லை. 2022இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவரை எந்த அணியும் விரும்பும். ஜோன்ஸ் செய்துகொண்டிருந்த வேலையை ஸ்மார்ட்டும் செய்வார் என்று எண்ணியதுதான் தவறு. ஸ்மார்ட் எதிரணியின் ஆட்டத்தைக் கலைப்பவர். ஜோன்ஸ் தன் அணியின் ஆட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பவர். பாயிண்ட் கார்டு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டும் அடங்குவதால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும் என்று தாளில் தோன்றுகிறது, ஆனால் 25 ஆட்டங்களுக்கு முதன்மை வீரர் இருக்க மாட்டார் என்று முன்கூட்டியே தெரிந்த ஓர் அணிக்கு வேண்டியிருந்தது இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

மறுமொழி: பதினைந்தாம் இடம்

முந்தைய மறுமொழி ஆடுகளத்தைப் பற்றியது. நான் விதிகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "எதைக் கொடுக்கலாம்" என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடையை விதிகளே தந்துவிடுகின்றன.

முதலில் மெம்ஃபிஸ் டிரேட். சம்பள உச்சவரம்புக்கு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) மேல் இருக்கும் அணி, ஒருவரைப் பெற வேண்டுமென்றால் அவர் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். கோடையில் புதிதாக ஒப்பந்தம் செய்த வீரர்களைப் பெரும்பாலும் டிசம்பர் 15 வரை டிரேட் செய்ய முடியாது. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் ஈடு கட்டுவதற்கு ஏற்கெனவே நடப்பில் உள்ள ஒப்பந்தங்களே உதவும். நட்சத்திர வீரரைத் தொடாமல் ஸ்மார்ட்டின் சம்பளத்துக்கு ஈடு கட்ட வேண்டுமென்றால், மிக எளிதாகப் பொருந்தியது ஜோன்ஸின் ஒப்பந்தம். அவர் ஆட்டக்காரராக மட்டும் அனுப்பப்படவில்லை, சம்பள ஈடாகவும் அனுப்பப்பட்டார். அவர் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மீதி இருந்தது. அடுத்த கோடையில் அவர் எந்த விலையும் தராமலேயே விலகிப் போகக்கூடும் என்ற அச்சமும் நிர்வாகத்துக்கு இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது அவர்கள் முடிவை நியாயப்படுத்துவதற்காக அன்று. ஒரு நல்ல மாற்று பாயிண்ட் கார்டுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்தால், அந்தச் சம்பளமே பிற்பாடு அவரை டிரேட்டுக்கு ஏற்றவராக ஆக்கிவிடுகிறது என்பதைக் காட்டத்தான்.

இப்போதைய நிலைமை 2023க்கு முன்பிருந்ததைக் காட்டிலும் கடுமையானது. 2023இல் லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தம், வரி வரம்புக்கு (அதைத் தாண்டிச் சம்பளம் கொடுக்கும் அணி லீகுக்கு வரி கட்ட வேண்டும்) மேலே இரண்டு எல்லைகளை வகுத்திருக்கிறது. முதல் ஏப்ரன், இரண்டாம் ஏப்ரன் என்று அவற்றை அழைக்கிறார்கள். 2025-26 சீசனுக்குச் சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 15.46 கோடி டாலர், முதல் ஏப்ரன் ஏறத்தாழ 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் ஏறத்தாழ 20.78 கோடி. முதல் ஏப்ரனைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்பப் பெற முடியாது. இரண்டாம் ஏப்ரனையும் தாண்டிய அணி, இரண்டு சிறு சம்பளங்களைக் கூட்டி ஒரு நடுத்தரச் சம்பளத்தைப் பெறவும் முடியாது, டிரேட்டில் பணம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளே பெரும்பாலும் இந்த எல்லைகளில் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் மாற்று பாயிண்ட் கார்டு அதிகம் தேவைப்படுகிறார் என்பது இதில் உள்ள சிக்கல்.

பிப்ரவரி வரை காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்படும் மூத்த வீரர்கள் அப்போது கிடைப்பது உண்மைதான். ஆனால் ஏப்ரனைத் தாண்டிய அணிகளுக்கு அந்த வழியும் குறுகிவிட்டது: சீசன் நடுவே விடுவிக்கப்பட்டவரின் முந்தைய சம்பளம் நடுத்தர விதிவிலக்குத் தொகையை (உச்சவரம்பைத் தாண்டிய அணியும் புது வீரருக்குக் கொடுக்க விதி அனுமதிக்கும் தொகை) தாண்டியிருந்தால் அவரை அவர்கள் சேர்க்க முடியாது. டூ-வே ஒப்பந்தத்தில் (என்.பி.ஏ. அணிக்கும் துணை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தம்) உள்ள இளைஞரை வைத்து ஒப்பேற்றலாம் என்றால், அவர் 50 ஆட்டங்கள் வரைதான் களமிறங்கும் பட்டியலில் இருக்கலாம், பிளேஆஃபில் ஆடவே முடியாது; ஆட வேண்டுமென்றால் அவரை முழு ஒப்பந்தத்துக்கு மாற்றி, அணிப் பட்டியலின் 15 இடங்களில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், கோடையில் தேடுவதே அறிவுடைமை. பயிற்சி முகாமின் முதல் நாளிலிருந்து அவர் அணியின் சொற்களையும் சைகைகளையும் பழகிக்கொள்ளலாம் என்பது கூடுதல் நன்மை.

டிராஃப்ட் உரிமைகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்று உரிமையே இல்லாத நிலையை ஓர் அணி உருவாக்கிக்கொள்ளக் கூடாது என்ற விதி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் உரிமைகளை அள்ளிக் கொடுத்ததன் விளைவாக வந்த விதி அது, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இதனால் மாற்று வீரருக்காக ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுக்கும்போது, அதற்கு முந்தைய ஆண்டின் உரிமையையும் பிந்தைய ஆண்டின் உரிமையையும் நாமே பூட்டிவிடுகிறோம். பின்னால் ஒரு பெரிய வீரர் சந்தைக்கு வந்தால் கையில் கொடுக்க எதுவும் இருக்காது.

மறுமொழி: ஓரத்து இருக்கை

எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. மாற்று பாயிண்ட் கார்டுக்காக டிரேட் செய்வதே பெரும்பாலும் தேவையற்றது என்று நான் கருதுகிறேன். அந்த இடத்தின் முக்கியத்துவத்தை மறுக்கவில்லை, விலையைத்தான் மறுக்கிறேன்.

டி.ஜே. மெக்கானல் 2015இல் டிராஃப்டில் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். 2019இல் இந்தியானா அவரை டிரேட் இல்லாமல், எந்த அணியின் ஒப்பந்தத்திலும் இல்லாத தடையற்ற வீரராகவே ஒப்பந்தம் செய்தது. 2025 இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 15 நிமிடத்தில் 10 புள்ளிகள், 5 அசிஸ்ட், 5 ஸ்டீல் எடுத்தார். எதிரணி கூடைக்கடியிலிருந்து எறியும் முதல் பாஸையே அவர் பறித்தெடுத்த விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இந்தியானா அந்த ஆட்டத்தை 116-107 என வென்றது. கேமரன் பெய்ன் 2020இல் ஃபீனிக்ஸுக்கு வருவதற்கு முன் லீகிலேயே இல்லை. 2021 மேற்கு மாநாட்டு இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், கிறிஸ் பால் இல்லாத நிலையில், 29 புள்ளிகளும் 9 அசிஸ்டும் எடுத்து ஒரு டர்னோவர்கூடச் செய்யாமல் ஆடினார். பாஸ்டனின் பேட்டன் பிரிட்சர்ட் 2020 டிராஃப்டில் 26ஆவது தேர்வு. 2025இல் சிறந்த ஆறாவது வீரர் விருதைப் பெற்றார். மெம்ஃபிஸிலேயே ஸ்காட்டி பிப்பன் ஜூனியர் டூ-வே ஒப்பந்தத்தில் வந்து, அடுத்த சீசனில் வழக்கமாக ஆடும் வீரர்களில் ஒருவராக வளர்ந்தார். இவர்களில் எவருக்காகவும் எந்த அணியும் முதல் சுற்று உரிமையைக் கொடுத்து டிரேட் செய்யவில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2023 கோடையில் டெட்ராய்ட், கேட் கன்னிங்ஹாமுக்குத் துணையாக மான்டே மோரிஸை வாஷிங்டனிடமிருந்து பெற்றது. கொடுத்தது ஓர் இரண்டாம் சுற்று உரிமைதான், யாரும் குறை சொல்ல முடியாத விலை. ஆனால் தொடைத் தசைக் காயத்தால் அவர் அங்கே 6 ஆட்டங்களில் மட்டுமே ஆடி, பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். சரியான வேலைக்குச் சரியான வீரரைச் சரியான விலையில் பெற்றும் களத்தில் பயன் கிடைக்கவில்லை.

டைஸ் ஜோன்ஸின் கதையின் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 கோடையில் அவர் ஃபீனிக்ஸுடன் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்தார். லீகிலேயே பந்தை மிகப் பத்திரமாகக் கையாளும் பாயிண்ட் கார்டு குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கிடைக்கிறார் என்றால், பொறுமையுள்ள அணி எதற்காக உரிமைகளைக் கொடுத்துத் தேட வேண்டும்?

மறுமொழி: எட்டு வினாடி

ஓரத்து இருக்கை சொல்லும் பெயர்கள் அனைத்தும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேர்ந்தெடுக்கப்படாமல் போய் நிலைத்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அதே வழியில் வந்து ஒரு சீசனைக் கெடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. பிரிட்சர்ட் விருது பெற்றது ஐந்தாம் ஆண்டில். அவரை வளர்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து ஆண்டுகளுக்கு நடுவிலேயே பாஸ்டன் மாற்று பாயிண்ட் கார்டு ஒருவருக்காக முதல் சுற்று உரிமையைக் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த டிரேட்தான் இந்தக் கேள்விக்கு மிக நல்ல பாடம் என்று நினைக்கிறேன். 2022 இறுதித் தொடரில் பாஸ்டன் பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டே கோல்டன் ஸ்டேட்டிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றது. குறை எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமே இந்தியானாவிடமிருந்து மால்கம் பிராக்டனைப் பெற்றார்கள். கொடுத்தவை: 2023ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமை, டேனியல் தைஸ், ஆரன் நெஸ்மித், சம்பளக் கணக்குக்காக இன்னும் மூவர். பல அணிகளில் தொடக்க வீரராக ஆடக்கூடிய பிராக்டன், அந்தச் சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காமல் பெஞ்சிலிருந்தே வந்து, சராசரியாக 14.9 புள்ளிகள் எடுத்து, மூன்று புள்ளி எறிதலில் 44 விழுக்காட்டுக்கு மேல் அடித்து, சிறந்த ஆறாவது வீரர் விருதையும் வென்றார். வழக்கமான சீசனை மட்டும் வைத்துப் பார்த்தால் குறையே இல்லாத டிரேட். பிறகு மயாமிக்கு எதிரான கிழக்கு இறுதிச் சுற்றில் எறியும் கையிலேயே காயம்பட்டு அவரால் இயல்பாக ஆட முடியவில்லை. பாஸ்டன் ஏழாம் ஆட்டத்தில் தோற்றது. நெஸ்மித்தோ இந்தியானாவின் தொடக்க வீரராக வளர்ந்து, 2025 கிழக்கு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நியூயார்க்குக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார்.

இதனால் பிராக்டனைப் பெற்றது தவறு என்று சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் அவர் ஒப்பந்தத்தை முன்வைத்துத்தான், இன்னும் சிலவற்றைச் சேர்த்து, பாஸ்டன் ஜ்ரூ ஹாலிடேயைப் பெற்றது. 2024இல் பட்டம் வென்றது. பதினைந்தாம் இடம் சொன்ன அதே கணக்கு இங்கே நன்மையாக அமைந்தது: நல்ல வீரரின் நடுத்தரச் சம்பளம் பிற்பாடு ஒரு கருவியாகிறது. ஆனால் விலையின் உண்மையான பாரம் முதல் சுற்று உரிமையில் இல்லை, நெஸ்மித்தில் இருந்தது. பெஞ்சில் நிமிடமே கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் 22 வயது வீரரைக் கொடுப்பது கொடுப்பவர்களுக்கு வலிப்பதே இல்லை. அதனால்தான் அந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

நடுக்கோடு

மூவருக்கும் நன்றி. என் இரண்டு எண்களுக்கு நடுவே ஆடம்ஸை நான் மறந்துவிட்டது உண்மை, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஜோன்ஸ் சம்பள ஈடாகவும் போனார் என்பதை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். பிளேஆஃபில் முதன்மை வீரர்கள் 40 நிமிடம் ஆடுகிறார்கள். மாற்று பாயிண்ட் கார்டுக்கு 8 நிமிடம்தான் மிஞ்சும். அப்படியென்றால் பட்டத்தைக் குறிவைக்கும் அணி அந்த 8 நிமிடத்துக்காக ஏன் செலவிட வேண்டும்?

எட்டு வினாடி

இந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டியது. பிளேஆஃபில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. நிமிடங்கள் குறைகின்றன என்பது ஒன்று. எதிரணி, களத்தில் உள்ள ஐவரில் மிகச் சிறியவரைத் தேடிப்பிடித்துத் தன் சிறந்த வீரரை அவர் மீது மோதவிடுகிறது என்பது மற்றொன்று. முதன்மை பாயிண்ட் கார்டும் சிறியவர், மாற்று வீரரும் சிறியவர் என்றால் இருவரையும் ஒன்றாகக் களமிறக்க முடியாது. அப்போது மாற்று வீரர் உண்மையிலேயே 8 நிமிட வீரர்தான். உயரமும் தடுப்பாட்டமும் உள்ளவர் என்றால் முதன்மை வீரருடன் சேர்ந்தும் ஆடலாம், அவர் நிமிடங்கள் 20ஐத் தாண்டும். ஷான் லிவிங்ஸ்டன் கோல்டன் ஸ்டேட்டில் மூன்று பட்டங்களில் பங்கு பெற்றதற்கு இதுவே அடிப்படை. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள அவர், ஸ்டெஃப் கரி உட்காரும்போது பந்தை நடத்தினார், கரி திரும்பி வந்த பிறகும் களத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை.

டென்வர் இதையே வேறு வழியில் தீர்த்தது. 2022 கோடையில் தன் நம்பகமான பாயிண்ட் கார்டான மான்டே மோரிஸை வில் பார்ட்டனுடன் சேர்த்து வாஷிங்டனுக்குக் கொடுத்து, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பைப் பெற்றது. அடுத்த ஆண்டுப் பிளேஆஃபில் வழக்கமான மாற்று பாயிண்ட் கார்டு என்று எவரையும் நம்பாமல், ஜமால் மரே உட்காரும் சில நிமிடங்களில் புரூஸ் பிரவுன் பந்தைக் கொண்டுவர, பட்டம் வென்றது. நிகோலா யோகிச் போன்ற ஒரு மையவீரர் ஆட்டத்தை நடத்தும் அணிக்கு அது இயலும். மற்ற அணிகள் அதைப் பார்த்துப் பின்பற்ற முனைந்தால் இரண்டாம் கால்பகுதியிலேயே தொடரை இழக்கும்.

சான் அன்டோனியோ 2011இல் இன்னும் துணிந்தது. டோனி பார்க்கரின் மாற்று வீரரான ஜார்ஜ் ஹில்லை இந்தியானாவுக்குக் கொடுத்து, அந்த டிராஃப்டின் 15ஆவது தேர்வான கவாய் லெனார்டைப் பெற்றது. அதே இரவில் 29ஆவது தேர்வாக கோரி ஜோசஃபையும் எடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பேட்டி மில்ஸ் வந்தார். 2014இல் பட்டம் வென்றபோது மில்ஸ் பெஞ்சிலிருந்து வந்து மயாமியைத் திணறடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாற்று பாயிண்ட் கார்டை இழப்பது பேரிழப்பு அன்று. அவர் இடத்துக்கு அதே வேலையைச் செய்யும் ஒருவரை உடனே தேடத் தொடங்க வேண்டும். மெம்ஃபிஸ் 2023இல் இந்த இரண்டாவது பாதியைத்தான் சரியாகச் செய்யவில்லை.

ஆகவே நானாக இருந்தால் எல்லையை இப்படி வைப்பேன். முதன்மை வீரருடன் சேர்ந்து ஆட முடியாத, பந்தைப் பத்திரமாக நடத்த மட்டும் தெரிந்த ஒருவருக்கு ஓர் இரண்டாம் சுற்று உரிமையும், ஓராண்டு மட்டும் மீதமுள்ள ஒப்பந்த ஈடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நெருக்கடியான தொடரில் கடைசி ஐந்து நிமிடம் களத்தில் இருக்கத் தகுதியுள்ளவர் என்றால் பாதுகாப்பு நிபந்தனையுள்ள (மிக முன்னணித் தேர்வாக அமைந்தால் நாமே வைத்துக்கொள்ளும்) ஒரு முதல் சுற்று உரிமை வரை போவேன், ஆனால் 23 வயதுக்குட்பட்ட, தடுப்பாட்டம் தெரிந்த பக்கவாட்டு வீரர் எவரையும் சேர்த்துக் கொடுக்க மாட்டேன்.

பதினைந்தாம் இடம்

ஒப்பந்தத்தின் நீளத்தைப் பற்றி எட்டு வினாடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2024 ஜூலையில் டென்வர், தன் மாற்று பாயிண்ட் கார்டான ரெஜி ஜாக்சனைச் சார்லட்டுக்கு அனுப்பிச் சம்பளச் சுமையைக் குறைப்பதற்காக, அவருடன் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெறுவதற்கு ஓர் உரிமை போதும் என்ற நிலையில், அனுப்புவதற்கு மூன்று தேவைப்பட்டிருக்கிறது. எனவே டிரேட்டில் வரும் வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டு இருந்தால், அது அணியின் விருப்பத்துக்கு உட்பட்டதா, வீரரின் விருப்பத்துக்கு உட்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். வீரரின் விருப்பம் என்றால், நான் கொடுக்க எண்ணிய விலையில் பாதியைத்தான் கொடுப்பேன்.